வீட்டைக் குலுக்கலில் விடலாமா?

ஒருவன் தன் உழைப்பால் ஈட்டிய பொருளைத் தன் மனம்போல் விற்க உரிமை உடையவனா, அல்லனா? உடையவன் என்பதே எவரும் தயங்காது கூறும் விடை. அங்ஙனமாயின், தன் வீட்டை ஒருவனுக்கு 3 லட்சம் வெள்ளிக்கு விற்பதற்குப் பதிலாக, 4,000 பேரிடம் தலைக்கு 100 வெள்ளி பெற்றுக்கொண்டு, குலுக்கலில் எவன் பெயர் விழுகின்றதோ அவனுக்கு அவ்வீட்டைக் கொடுப்பதை மட்டும் சட்டம் குற்றம் என்பது ஏன்? வீடும் அவனுடையது, சீட்டு வாங்குவோரும் தாமே விரும்பி வாங்குகின்றனர், ஒருவர் கையையும் பிடித்து இழுத்தாரில்லை. இதில் சர்க்காருக்கு என்ன வழக்கு? சட்டம் தடுப்பது இருக்கட்டும், அறம் தடுக்கின்றதா? இவ்விரு வினாக்களையும் தனித்தனியே எடுத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இஃது ஏட்டுச் சுரைக்காய் வினா அன்று. சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால் வட்டாரத்தை அறிந்தோர் இதன் பொருளை உணர்வர். சென்ற நூற்றாண்டுகளில் கரும்புக்கும் பின்னர் இரப்பருக்கும் தமிழன் முதுகு வளைந்த மண் அது. அவன் வாழ்ந்த லயத்து வீடு அவனுடையதன்று. வேலை உள்ளவரைக்கும் கூரை, வேலை போனால் தெரு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபொழுது, மூன்று நான்கு தலைமுறை அம்மண்ணில் உழைத்தவன் பிள்ளைகளே அம்மண்ணில் ஒரு மனைக்கு வங்கியில் கைகட்டி நிற்க நேர்ந்தது. 2014-இல் பத்து காவானுக்கும் தீவுக்கும் இடையே இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பின்னர், அப்பகுதி நிலத்தின் மேல் நாலா பக்கத்துக் கண்களும் விழுந்தன. இத்தகைய மக்களிடம், “100 வெள்ளிக்கு ஒரு வீடு” என்று கைப்பேசியில் ஒரு செய்தி வருமாயின், அது செவியில் எப்படி விழும்? பசித்தவன் முன் சோற்று மணம் வீசியது போலன்றோ விழும்!

முதற்கண், வீட்டை விற்பவன் பக்கத்து நியாயத்தைக் குறைக்காமல் கூறிவிடுவோம். அவன் கயவனாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. கடன் கழுத்தை நெரிக்கின்றது. வீட்டைக் கேட்க வருபவனோ இவன் முகவாட்டத்தைக் கண்டு பாதி விலை பேசுகின்றான். வங்கி தவணை தவறினால் ஏலம் போடும். ஏலத்தில் வீடு அடிமாட்டு விலைக்குப் போகும். இந்நிலையில், “ஒருவன் தரமாட்டேன் என்னும் நியாய விலையை ஊரார் ஆளுக்குச் சிறிது தந்தால் நான் கடன் தீர்ப்பேன், ஓர் ஏழைக்கு வீடும் கிடைக்கும், தோற்றவனுக்கு நட்டம் ஒரு நாட்கூலி” என்று அவன் எண்ணுகின்றான். இவ்வெண்ணத்தில் வஞ்சம் இல்லை, துன்பமே உண்டு.

இவ்வாறு நிகழ்ந்தும் இருக்கின்றது. 2022-ஆம் ஆண்டு கேரளத் தலைநகராகிய திருவனந்தபுரத்தின் வட்டியூர்க்காவு என்னும் பகுதியில், ஒரு தம்பதியர் தம் வீட்டை 2,000 ரூபாய்ச் சீட்டுகள் வாயிலாகக் குலுக்கலில் கொடுக்க முன்வந்தனர். செய்தி பரவிற்று; பலர் ஆர்வம் கொண்டனர். ஆனால், தனிமனிதர் இங்ஙனம் சீட்டு விற்றுக் குலுக்கல் நடத்துதல் சட்டத்திற்கு மாறானது என்று அம்மாநில லாட்டரித் துறை குறுக்கிட்டது. இதில் நகைப்புக்கு இடமான ஒன்றும் உண்டு. தடுத்தது எத்துறை? 1967 முதல் தானே நாள்தோறும் சீட்டு விற்கும் துறை! “நீ செய்தால் தொழில், நான் செய்தால் குற்றமா?” என்று அத்தம்பதியர் கேட்டிருப்பின், அவ்வினாவைப் புறக்கணிக்க முடியாது. அதற்கு விடை பின்னர்க் கூறுவோம். இப்பொழுது சட்டம் என்ன சொல்கின்றது என்பதைக் காண்போம்.

லாட்டரி என்பதற்குச் சட்டம் அறிந்தோர் மூன்று உறுப்புகள் கூறுவர். ஒன்று, பரிசு, இரண்டு, அப்பரிசு திறமையால் அன்றித் தற்செயலால் ஒருவனைச் சேர்தல், மூன்று, அவ்வாய்ப்பைப் பெறுவதற்குப் பணம் கொடுத்தல். மூன்றும் ஒருங்கே கூடின் அது லாட்டரி. பரிசு பணமாயினும், பசுவாயினும், வீடாயினும் ஒன்றே. “நான் சூதாடவில்லை, வீட்டையன்றோ விற்கின்றேன்” என்னும் வாதம் இங்கே நில்லாது; ஏனெனில் சீட்டு வாங்கிய 4,000 பேரும் வீட்டை வாங்கவில்லை; வீடு கிடைக்கலாம் என்னும் ஒரு நம்பிக்கையை வாங்கினர்.

மலேசியாவில் 1952-ஆம் ஆண்டின் லாட்டரிச் சட்டம் உரிய அனுமதியற்ற குலுக்கல்களைக் குற்றமாக்குகின்றது. 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டமும் அதன் அருகே நிற்கின்றது. இந்தியாவில் 1870-இலேயே தண்டனைச் சட்டத்தில் அனுமதியற்ற லாட்டரிக்குத் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. 1998-இல் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தின்படி, தனிமனிதன் தன் இலாபத்திற்காகப் பொதுமக்களுக்கு லாட்டரி நடத்தலாகாது. ஆயினும் ஒரு சந்து உண்டு: திறமையைச் சோதிக்கும் வினா ஒன்றை வைத்தாலோ, பணம் கொடாமலும் சேர உண்மையான வழி திறந்தாலோ அது லாட்டரி ஆகாது. 2008-ஆம் ஆண்டு நெருக்கடியில் வீடுகள் விலைபோகாது நின்றபொழுது, இச்சந்தின் வழியே வீட்டுப் போட்டிகள் பல அங்கே முளைத்தன. அவற்றுட் பலவற்றில் சீட்டுகள் போதிய அளவு விற்கவில்லை. அப்பொழுது வென்றவனுக்குக் கிடைப்பது வீடன்று, சேர்ந்த பணத்தில் ஒரு பங்கே. விளம்பரத்தில் மாளிகை; கையில் சில்லறை!

நம் தோழர்கள் பெரும்பாலும் அறியாத மற்றொரு சட்டம் உண்டு. அதுவே எல்லாவற்றினும் முக்கியமானது. 1950-ஆம் ஆண்டின் மலேசிய ஒப்பந்தச் சட்டம், பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கின்றது. சட்டம் விலக்கிய ஒன்றைப் பொருளாகக் கொண்ட ஒப்பந்தமும் செல்லாது என்கின்றது. இதன் விளைவு யாது? குலுக்கல் நடந்து உங்கள் பெயரே விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரன் மனம் மாறி, “தரமாட்டேன்” என்றால் நீங்கள் எங்கே செல்வீர்கள்? நீதிமன்றத்தின் வாயிலில் நின்று, சட்டம் விலக்கிய சீட்டைக் காட்டி வீடு கேட்பது எங்ஙனம்? மேலும், நிலமும் வீடும் கைமாறுவது குலுக்குகின்ற மேடையிலன்று. நில அலுவலகத்தின் பதிவேட்டில். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, பதிவு செய்யப்பெற்ற பெயரே உரிமை. அவ்வீட்டின் மேல் வங்கியின் கடன் பதிவாகி இருப்பின், அது தீராமல் வீடு உங்களுடையதாகாது. வீட்டுக்காரன் குலுக்கலைத் தேடிய காரணமே அக்கடன் அன்றோ! எனவே சீட்டு வாங்குவோன் கையில் இருப்பது நடக்குமோ நடவாதோ என்னும் வாய்ப்பு மட்டுமன்று. நடந்தாலும் நிறைவேறுமோ என்னும் மற்றொரு சந்தேகமும் அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

இனி, வரலாறு இரண்டு சான்றுகள் தருகின்றது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் எட்வர்ட் திரெட்டா என்னும் இத்தாலியர் கடனில் மூழ்கினார். அவருக்குச் சொந்தமான திரெட்டா பஜார் என்னும் சந்தை லாட்டரியில் விடப்பட்டது. சார்லஸ் வெஸ்டன் என்பவர் அதை வென்றார். அக்காலத்தில் இது பெருங்குற்றமாகக் கருதப்படவில்லை; கல்கத்தா நகரின் சாலைகளும் நகர மண்டபமுமே லாட்டரிப் பணத்தால் எழுந்தவை. பரிசு வென்ற வெஸ்டன் கொடையாளர் என்று பெயர் பெற்றார். அதைச் சொல்லும் ஏடுகள், சீட்டு வாங்கித் தோற்றவர் எவர், அவருக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லவில்லை. லாட்டரியின் வரலாறு என்றும் இப்படித்தான் எழுதப்படுகின்றது: வென்றவனுக்குப் பெயர் உண்டு, தோற்றவனுக்கு எண்ணிக்கை மட்டுமே உண்டு.

மற்றொன்று அமெரிக்காவில். சுதந்திரப் பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெபர்சன் முதுமையில் பெருங்கடனாளி ஆனார். தம் நிலங்களையும் மான்டிசெல்லோ மாளிகையையும் லாட்டரியில் விட்டுக் கடன் தீர்க்க விரும்பினார். நாட்டின் தலைவராக இருந்தவரே ஆயினும், தம் விருப்பப்படி அதைச் செய்ய இயலவில்லை. வர்ஜீனியாச் சட்டமன்றத்தின் அனுமதியை வேண்ட நேர்ந்தது. 1826-இல் அனுமதி கிடைத்தது, அவ்வாண்டு ஜூலை 4-ஆம் நாள் அவர் மறைந்தார், லாட்டரி நிறைவேறவில்லை. 1827 ஜனவரியில் ஏலத்திற்கு வந்தவை எவை? வீட்டுப் பொருள்களும், அவற்றோடு அவருடைய அடிமைகள் ஏறக்குறைய 130 பேரும்! பெரியவரின் கடனை இறுதியில் தலையில் சுமந்தவர், அம்மாளிகையில் ஓர் அறைக்கும் உரிமையில்லாத உழைப்பாளிகளே. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழனுக்கு இவ்வரலாறு தூரத்து வரலாறாகத் தோன்றாது.

நிற்க. முன்னர் ஒத்திவைத்த வினாவுக்கு வருவோம். சர்க்கார் தானே சீட்டு விற்கலாமா? தமிழ்நாட்டில் 1968-இல் அரசுப் பரிசுச் சீட்டு தொடங்கப்பட்டது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று அதற்கு நியாயம் கூறினர். 2003-இல் அம்மாநிலத்தில் லாட்டரி முழுவதும் தடை செய்யப்பட்டது. மலேசியாவிலும் சமூகநல லாட்டரி என ஒன்று பல்லாண்டு நடைபெற்றுப் பின்னர் நின்றது. உரிமம் பெற்ற எண் கடைகள் இன்றும் பல ஊர்களில் இருக்கின்றன. சட்டத்தின் பாரபட்சத்திற்கு இன்னொரு சான்று: பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று கூறும் அதே ஒப்பந்தச் சட்டப் பிரிவு, 500 வெள்ளியும் அதற்கு மேலும் மதிப்புடைய குதிரைப் பந்தயப் பரிசுக்குச் சேர்க்கும் பணத்திற்கு மட்டும் விலக்கு அளிக்கின்றது. அவ்விலக்கு 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலிருந்து வந்தது. குதிரை வைத்திருந்தோர் சட்டம் எழுதினால் குதிரைக்கு இடம் கிடைப்பது வியப்பன்று!

எனவே, சர்க்காரின் கை தூய்மையானது என்று யாம் வாதாட முன்வரவில்லை. இந்திய உச்ச நீதிமன்றமே 1999-இல், அரசு நடத்தும் லாட்டரியும் சூதாட்டத்தின் இயல்பை இழப்பதில்லை என்று கூறிவிட்டது. ஆயினும் இதிலிருந்து, “ஆகவே நானும் நடத்தலாம்” என்னும் முடிவு பிறக்குமா? பிறவாது. அடுத்த வீட்டுக்காரன் வாய்க்காலில் குப்பை கொட்டுகின்றான் என்பது நானும் கொட்டுவதற்கு உரிமை ஆகாது. இருவரையும் நிறுத்தவேண்டும் என்பதற்கே அது காரணம் ஆகும். மேலும் ஒரு வேறுபாடு உண்டு. அரசுச் சீட்டில் கணக்குக் கேட்க ஒரு மன்றமும், பரிசைப் பெற ஒரு கருவூலமும் உண்டு. தனிமனிதன் குலுக்கலில் எத்தனை சீட்டு அச்சிடப்பட்டது, எத்தனை விற்றது, குடத்துள் எல்லாச் சீட்டும் இடப்பட்டனவா என்பதை அறிய வழியே இல்லை. ஆகவே, முன்னது தீது; பின்னது தீதும் இருளும் சேர்ந்தது.

இனிச் சட்டத்தை விடுத்து அறத்திற்கு வருவோம். நாளையே ஒரு சட்டம் வந்து வீட்டுக் குலுக்கலை அனுமதித்துவிட்டால், அது நல்லதாகிவிடுமா?

குலுக்கல் என்னும் செயலிலேயே தீமை உண்டு என்று சிலர் கூறுவர். யாம் அங்ஙனம் கூறோம். பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை, ஊர் வாரியத்திற்கு ஆள் தேர்ந்த குடவோலை முறையைக் கூறுகின்றன. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அக்குடத்தில் எல்லார் பெயரும் இடம்பெறவில்லை என்பதும், சொந்த மனையில் வீடும் வரி செலுத்தும் நிலமும் உடையோர்க்கே இடம் இருந்தது என்பதும் வேறு கதை. இன்றும் மலிவு விலை வீடுகள் நூறு இருந்து, தகுதியுள்ளோர் ஆயிரவர் நிற்பின், குலுக்கிக் கொடுப்பது நேர்மையான வழியே. ஏன்? அங்கே எவனும் வாய்ப்புக்கு விலை கொடுக்கவில்லை. பெயர் விழாதவன் வெறுங்கையோடு திரும்புகின்றான், ஆனால் கைப்பொருளை இழந்து திரும்பவில்லை. பங்கிட முடியாத ஒன்றைச் சமமானோரிடையே பாரபட்சமின்றிக் கொடுப்பதற்குக் குலுக்கல் ஒரு கருவி. அக்கருவியில் குற்றமில்லை.

“இன்சூரன்சும் தற்செயலை நம்பியதுதானே? அதையும் சூது என்பீரோ?” என்று கேட்பாரும் உளர். கூர்மையான வினா. விடை இது: தீயும் நோயும் சாவும் உலகில் ஏற்கெனவே இருக்கின்ற தற்செயல்கள். அவற்றின் அடியைப் பலர் பகிர்ந்து தாங்குவதே இன்சூரன்சு. குலுக்கலோ இல்லாத தற்செயலைப் புதிதாக உண்டாக்குகின்றது. நேற்று 4,000 பேர் பையிலும் நூறு நூறு வெள்ளி பாதுகாப்பாக இருந்தது. இன்று ஒரு குடத்தை நடுவில் வைத்து, 3,999 பேரைத் தோற்கச் செய்தோம். முன்னது ஒருவன் வீழ்ச்சியைப் பலர் தாங்குவது; பின்னது பலர் வீழ்ச்சியின் மேல் ஒருவன் ஏறி நிற்பது.

நம்மவர் நன்கு அறிந்த கூட்டுக்கும் இதே வேறுபாடு பொருந்தும். கூட்டில் சீட்டுக் குலுக்கினாலும், இன்று யார் எடுப்பது, நாளை யார் எடுப்பது என்னும் முறையையே அது தீர்மானிக்கின்றது. நேர்மையாக நடந்தால் எல்லாரும் ஒருநாள் எடுப்பர். ஆனால் நேர்மையற்றோர் தொகையோடு ஓடி, பல குடும்பங்கள் தெருவில் நின்ற காரணத்தால், மலேசியாவில் 1971-ஆம் ஆண்டு ஒரு சட்டம் பிறந்தது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வது தடுக்கப்பட்டது. “கூட்டு” என்னும் நம் தமிழ்ச்சொல்லே அச்சட்டத்தின் பெயரில் அமர்ந்திருக்கின்றது. நம் மொழிக்குக் கிடைத்த அவ்விடத்தை எண்ணிப் பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா என்பதை வாசகர்களே முடிவு செய்க. எல்லாரும் எடுக்கக்கூடிய கூட்டிலேயே இத்தனை அழிவு நேர்ந்ததெனின், ஒருவனே எடுக்கும் குலுக்கலில் எச்சரிக்கை எத்துணை வேண்டும்!

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். 3 லட்சம் பெறும் வீடு; 100 வெள்ளிச் சீட்டு 4,000; சேர்வது 4 லட்சம். வீட்டுக்காரன் சந்தையில் பெறுவதினும் 1 லட்சம் மிகுதியாகப் பெறுகின்றான். அந்த 1 லட்சம் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழவில்லை. ஒவ்வொரு சீட்டின் உண்மை மதிப்பு 75 வெள்ளி. ஆளுக்கு 25 வெள்ளி கண்ணுக்குத் தெரியாமல் கழிந்தது. சீட்டு வாங்குவோர் பெரும்பாலும் யார்? வீடு உள்ளவன் வாங்கலாம்; ஆனால் ஏங்கி வாங்குபவன் வீடு இல்லாதவன். ஒன்று போதும் என்று நில்லாமல் ஐந்தும் பத்தும் வாங்குபவனும் அவனே. ஆகவே, ஒரு பணக்காரன் கொடுக்க மறுத்த விலையை ஏழைகளின் ஏக்கத்திலிருந்து வசூலிப்பதே இம்முறை. வீட்டுக்காரன் விற்பது செங்கல்லையும் சுண்ணாம்பையும் அன்று. வீடற்றவனின் கனவை அவனுக்கே விற்கின்றான்.

“அவர்கள் விரும்பித்தானே வாங்கினர்?” என்பார்க்கு ஒன்று கூறுவோம். விருப்பம் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. பாரதக் கதையில் தருமனும் விரும்பியே ஆடினான். நாட்டையும், தம்பியரையும், தன்னையும், மனைவியையும் விரும்பியே வைத்தான். அவன் இசைவு அச்செயலை நியாயமாக்கியதா? பொருளைப் பற்றிக் கூறும் பகுதியில் வள்ளுவர் சூதிற்கென ஓர் அதிகாரமே வகுத்து, வெற்றி வந்தாலும் அதை விரும்பாதே என்று தொடங்கியது இதனாலேயே. தோல்வி ஒருவனைச் சூதிலிருந்து விலக்கவும் கூடும். வெற்றியோ அவனையும் அவனைக் கண்ட ஊரையும் கட்டிவிடும். சுற்றுவட்டாரத்தில் ஒருவனுக்கு 100 வெள்ளியில் வீடு விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் எத்தனை வீட்டுப் பால்மாவும் பள்ளிக்கட்டணமும் சீட்டாக மாறும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பள்ளிக்கும் சங்கத்திற்கும் கோயிலுக்கும் அனுமதி பெற்று நன்கொடைச் சீட்டு விற்பது உண்டே, அது ஆகுமா என்று வினவலாம். அங்கே 5 வெள்ளி கொடுப்பவன் கொடுக்கும்பொழுதே போனதாக எண்ணிக் கொடுக்கின்றான். பரிசு வந்தால் மகிழ்ச்சி, வாராவிட்டால் பள்ளிக்குப் பலகை. அஃது ஈகையின் மேல் ஒட்டிய விளையாட்டு. ஆனால் ஈகை சுருங்கி விளையாட்டு பெருத்து, பரிசு காராகவும் வீடாகவும் வளர்ந்தால், அதுவும் மேற்கூறிய கணக்கிற்குள் வந்துவிடும். நற்காரியம் என்னும் பெயர்ப் பலகை கணக்கை மாற்றாது. ஈயவேண்டுமாயின் சீட்டின்றி ஈயலாமே!

அங்ஙனமாயின் கடனில் தவிக்கும் வீட்டுக்காரனுக்கு யாம் கூறும் வழி யாது? கசப்பானதே. தவணை தவறுமுன் வங்கியிடம் சென்று தவணையை நீட்டிக்கக் கேட்டல். ஏலத்திற்கு முன்னரே குறைந்த விலைக்கேனும் தானே விற்றல். சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுக் கையெழுத்து இடுதல். இவற்றில் நட்டம் உண்டு. ஆனால் தன் நட்டத்தை 3,999 பேர் தலையில் பகிர்ந்து வைப்பதற்கு அவர்கள் அவனுக்கு உறவுமல்லர், கடனாளிகளும் அல்லர்.

வீடற்றவனுக்கு யாம் காட்டும் வழி வரலாற்றிலேயே உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் திகைத்து நின்ற காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் சீவியவர்கள் தம் கூலியில் சிறிது சிறிதாகச் சேர்த்தனர். 1961-இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பின்னர் வேறு பல தோட்டங்களும் வந்தன. அங்கும் ஆயிரக்கணக்கானோர் ஆளுக்குச் சிறுதொகை கொடுத்தனர். குலுக்கலிலும் அதையே கொடுக்கின்றனர். வேறுபாடு யாது? ஒன்றில் கொடுத்தவர் அனைவரும் பங்காளிகள். மற்றொன்றில் கொடுத்தவர் அனைவரும் ஒருவனுக்காகத் தோற்பவர்கள். அதே வெள்ளி, அதே வியர்வை. சேர்க்கும் முறையே அதனைச் சொத்தாகவோ சூதாகவோ ஆக்குகின்றது.

ஆகவே முடிபு இது. வீட்டைக் குலுக்கலில் விடுதல் இன்றைய சட்டத்தால் விலக்கப்பட்டது. சட்டம் நாளை இடம் கொடுப்பினும் அறம் இடம் கொடாது. சட்டத்திலும் கோணல் உண்டு. குதிரைக்கு ஒரு நீதியும் குடிசைக்கு ஒரு நீதியும் கூறும் அக்கோணலை நேராக்கக் குரல் எழுப்புவது நம் கடமை. ஆனால் சட்டம் கோணலாக இருக்கின்றது என்பதற்காக நம் கணக்கும் கோணவேண்டுவதில்லை. தோழர்களே, அடுத்த முறை 100 வெள்ளிக்கு வீடு என்று எவரேனும் உங்களிடம் வந்தால், மூன்று கேள்விகள் கேளுங்கள்: பத்திரத்தில் யார் பெயர் இருக்கின்றது? அதன் மேல் யாருடைய கடன் இருக்கின்றது? எனக்கு விழாத அந்த 100 வெள்ளி யாரைச் சேருகின்றது? மூன்றாவது கேள்விக்கு நேரான விடை சொல்பவன் உங்களுக்குச் சீட்டு விற்க மாட்டான்.